கொடுக்கக் கூடாதவர்கள் பட்டியல்

முப்பத்தோரு வருடம் அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது. அதில் பாதிக்கு மேல், யாருக்கெல்லாம் பணம் கொடுக்கக் கூடாது என்று கண்டுபிடிப்பதற்காகக் கொடுத்த சம்பளம். நான் வருவாய்த் துறையில் இருந்தவள். முதியோர் உதவித்தொகை கேட்டு வரும் மனுக்களை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், இவர் ஏழை, இவர் ஏழை இல்லை என்று எழுதிக்கொடுப்பது என் வேலை. நன்றாகத்தான் செய்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் மாப்பிள்ளை கார்த்திக். சிறுசேரியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் பதினாலு வருடம் வேலை பார்த்தவர். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் பாட்டில் கொடுத்து, அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதச் சம்பளம் கையில் கொடுத்தார்கள். நாவலூரில் ஃப்ளாட் வாங்கிய கடன் பாக்கி நிற்கிறது. மறுநாள் சேலையூரில் என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடித்தபடி சொன்னார்.

"அத்தை, இனிமே எல்லா வேலையும் மெஷினே பண்ணிடும். அரசாங்கம் எல்லாருக்கும் மாசா மாசம் ஒரு தொகை போட்டுத்தான் ஆகணும். பணக்காரன், ஏழை, வேலை இருக்கிறவன், இல்லாதவன் எதுவும் பாக்காம, ஒரு கண்டிஷனும் இல்லாம. பேசிக் இன்கம்னு சொல்றாங்க."

"நல்லாத்தான் இருக்கு. யாரு போடுவாங்க?"

"அதான் அத்தை. ராத்திரி பூரா கணக்குப் போட்டுப் பாத்தேன். தாங்குமான்னு தெரியல. நீங்க இந்த டிபார்ட்மென்ட்தானே, நீங்க சொல்லுங்க."

கல்யாணம் ஆன நாளிலிருந்து மாப்பிள்ளை என்னிடம் ஆபீஸ் விஷயம் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்பளம் இன்னொன்று போட்டேன். அவர் போன பிறகு யோசித்துப் பார்த்தால், எனக்குப் பொருளாதாரம் என்று தெரிந்தது எல்லாம் நான் ஏறி இறங்கிய வீடுகளும், எனக்கு மேலே இருந்த ஒரு தாசில்தாரும்தான்.

பரீட்சை எழுதி இளநிலை உதவியாளராகச் சேர்ந்தது, நில அளவைப் பயிற்சியில் சங்கிலி பிடித்து முகம் கறுத்தது, ஒரு பிரசவம், இரண்டு இடமாற்றம், எல்லாம் தாண்டி வருவாய் ஆய்வாளர் ஆனபோது எனக்கு வயது முப்பத்தாறு. தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு தாலுகா அலுவலகம். எது என்று சொல்லப் போவதில்லை.

வேலை இப்படி. முதியவர் மனு கொடுப்பார். கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து எழுதுவார். அதை நான் நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும். பிறகு இந்தத் திட்டத்துக்கென்றே இருக்கும் தனி தாசில்தார் உத்தரவு போடுவார். அப்புறம் தபால்காரர் மாதம் ஒருமுறை மணியார்டர் கொண்டுவந்து கையில் எண்ணிக் கொடுப்பார். சில நூறு ரூபாய். அந்தச் சில நூறுக்கு நான்கு பேர் கையெழுத்து.

நேரில் போனால் என்ன பார்ப்பது? கூரை ஓடா, ஓலையா, கான்கிரீட்டா. அடுப்பு கேஸா, விறகா. டி.வி. உண்டா, பிரிட்ஜ் உண்டா. சம்பாதிக்கிற மகன் உண்டா. பக்கத்து வீட்டில் கேட்டால் உண்மை வரும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டில் வருவது உண்மை இல்லை, இரண்டு வருடத்துக்கு முந்தைய தண்ணீர்க்குழாய்ச் சண்டை. அது புரிவதற்கு எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

பெருங்களத்தூர் பக்கம் ஒரு தெருவுக்குப் போயிருந்தேன். மூன்று மனுக்கள். நான் பஸ்ஸை விட்டு இறங்குவதற்கு முன்பே சேதி போய்விட்டிருந்தது. முதல் வீட்டில் டி.வி. இல்லை. ஆனால் அலமாரியில் தூசு இல்லாத ஒரு சதுரம், பக்கத்தில் கேபிள் வயர் தொங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது வீட்டிலும் அதே மாதிரி ஒரு சதுரம். மூன்றாவது வீட்டுக்காரர் எழுபது வயசுப் பெரியவர், தனி ஆள், ஓலைக் குடிசை. உள்ளே போனால் வரிசையாக மூன்று டி.வி. ஒன்றின் மேல் ஈரத்துண்டு காய்கிறது.

"என்னங்க ஐயா இது?"

அவர் கொஞ்சமும் அசையவில்லை. "எங்கிட்ட ஒண்ணுமே இல்லம்மா. எடம்தான் கீது. அதான் எல்லாரும் இங்க கொண்டாந்து வெச்சாங்க. நானும் மனு குடுத்துக்கீறேன்னு அவங்களுக்குத் தெரியாது."

மூன்றாவது டி.வி. மனுவே போடாத எதிர்வீட்டு அம்மாவுடையது. எதற்கும் இருக்கட்டும் என்று அவரும் கொண்டுவந்து வைத்திருக்கிறார். ஆக, அந்தத் தெருவிலேயே சொந்தமாக டி.வி. இல்லாத ஒரே மனிதரின் வீட்டில்தான் எல்லா டி.வி.யும் இருந்தது. நான் பார்த்ததை மட்டும் எழுதியிருந்தால் அவர்தான் அந்தத் தெருவின் பெரிய பணக்காரர்.

அலுவலகத்துக்கு வந்து தாசில்தாரிடம் சொன்னேன். ஞானசேகரன் சார் என்று பெயர். சத்தமில்லாமல், தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு, "இதுல சிரிக்கறதுக்கு ஒண்ணும் இல்லீங்க. ஏழையா இருக்கறதுக்கே மூணு பேர் ஓவர்டைம் வேலை பாத்திருக்காங்க" என்றார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குள்ளமான மனிதர். கீழே வேலை செய்கிற எல்லோரையும், அலுவலகத்தின் கடைநிலை ஊழியரான மசால்ஜி வரைக்கும், வாங்க போங்க என்றுதான் பேசுவார். அவர் மேஜைக்கு முன்னால் இரண்டு நாற்காலி, அவர் உட்காரும் நாற்காலியின் அதே உயரம். வருகிறவர் உட்காராமல் பேச்சைத் தொடங்க மாட்டார். புதன்கிழமை மனுதாரர்களுக்கு. அன்றைக்கு நாங்கள் எழுதிய விசாரணை அறிக்கையை மனுதாரர் முன்னாலேயே சத்தமாகப் படிப்பார். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, "சரிங்களா?" என்று அவரிடம் கேட்பார். எங்களுக்கு உடம்பெல்லாம் கூசும்.

"அவங்களை வெச்சுக்கிட்டுப் படிக்க முடியாததை எழுதாதீங்க" என்பார். திட்ட மாட்டார். கோபம் வந்தால் பேனாவை மூடுவார். அந்த 'க்ளிக்' சத்தத்துக்கு அலுவலகமே பயப்படும்.

ஆனால் ஒரு சமயம் அவர் இரண்டு மாதம் மருத்துவ விடுப்பில் போனார். அந்த நேரம் பார்த்து, தகுதி இல்லாதவர்களை நீக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு. பழைய பயனாளிகள் எல்லோரையும் மறுபடி விசாரிக்க வேண்டும், வாரம் இத்தனை வீடு என்று இலக்கு. நான் ஒரு நாளைக்கு இருபது வீடு பார்த்தேன். அப்படிப் பார்த்த ஒரு வீடு மேற்குத் தாம்பரத்தில் நூர்ஜஹான் அம்மாவின் வீடு.

அவர் தையல்காரர் ஒருவரின் விதவை, பிள்ளைகள் இல்லை. தம்பி காதர் பாயின் மாடி வீட்டில் மேல் அறையில் இருந்தார். நான் போனபோது ஏதோ துணிக்கு ஹூக் வைத்துக்கொண்டிருந்தார். அறை மூலையில் ஆளுயரத்துக்கு ஒரு பிரிட்ஜ், புதுசு. நான் வாசலில் நின்றபடியே எழுதிக்கொண்டேன். மொத்தம் மூன்று நிமிடம். அவர் டீ போடட்டுமா என்று கேட்டார். நேரமில்லை என்றேன்.

அடுத்த மாதத்திலிருந்து அவருக்கு மணியார்டர் நின்றுவிட்டது.

ஐந்து மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை, நூர்ஜஹான் அம்மா அலுவலகத்துக்கு வந்தார். ஞானசேகரன் சார் அதற்குள் வேலைக்குத் திரும்பியிருந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னார். பணம் திரும்ப வேண்டுமா என்று கேட்டார்.

"பணத்துக்கு வரல சார். அது வந்தா வரட்டும். ஏன் நின்னுச்சுன்னு தெரிஞ்சுக்கினு போலாம்னு வந்தேன். நான் எதுனா தப்பு பண்ணிட்டேனான்னு."

சார் கோப்பை வரவழைத்தார். திறந்து பார்த்தார். பிறகு அதை என் பக்கம் நகர்த்தினார். "நீங்க எழுதினது. நீங்களே படிங்க."

நான்கு வரிதான். படித்தேன். "மனுதாரர் கான்கிரீட் வீட்டில் வசிக்கிறார்."

"சரிங்களா?" என்றார் சார்.

"தம்பி வூடு சார்."

"வசதியான உறவினரின் ஆதரவில் உள்ளார்."

"சோறு போடுறான். பொய் சொல்லக் கூடாது."

"தையல் வேலை மூலம் வருமானம் உள்ளது."

அதற்கு அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். நான்காவது வரி. "வீட்டில் குளிர்சாதனப் பெட்டி உள்ளது."

"பிரிட்ஜ் கீதும்மா" என்றார் என்னைப் பார்த்து. கோபமே இல்லை. "சாவிதான் எங்கிட்ட இல்ல."

தம்பி மனைவி இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறாராம். கீழே ப்ளக் பாயிண்ட் இல்லாததால் பிரிட்ஜை மேல் அறையில் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் திறந்து திறந்து மூடுகிறார்கள் என்று பூட்டு. அந்தப் பூட்டுத் துவாரத்தை நானும் பார்த்தேன். நல்ல கம்பெனி பிரிட்ஜ் என்றுதான் அப்போது தோன்றியது.

பேனா மூடுகிற சத்தம் கேட்டது.

"தையல் வேலைன்னு எழுதியிருக்காங்களே. அது இப்பவும் செய்றீங்களா?" என்று சார் கேட்டார்.

"இல்ல சார், வுட்டுட்டேன். மார்க்கெட் பக்கம் நாலு டைலர் கடையில ஜாக்கெட்டு வாங்கியாருவேன், ஹூக் வெக்க, காஜா எடுக்க. நூலு, ஹூக்கு நாமதான் வாங்கணும். போக வர ஷேர் ஆட்டோ. கடைக்காரங்க மாசக் கடைசியிலதான் காசு குடுப்பாங்க. மணியார்டர் வந்தா அத வெச்சு ஓட்டுவேன். அது நின்னுச்சு, கையில காசில்ல, வேலையும் நின்னுடுச்சு. இப்ப சும்மாதான் குந்தினு கீறேன்."

சும்மா பணம் கொடுத்தால் யாரும் வேலை செய்ய மாட்டார்கள் என்று நான் எத்தனையோ கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். நானே சொல்லியும் இருக்கிறேன். பணம் நின்றதால் வேலை நின்றுபோன ஒருவர் என் எதிரில் உட்கார்ந்திருந்தார். அவருடைய முதலீட்டைத்தான் நான் மூன்று நிமிடத்தில் பிடுங்கியிருக்கிறேன்.

அவர் போன பிறகு சார் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். "இந்த அம்மாவுக்குப் பணம் குடுக்காம இருக்கறதுக்கு நாம எவ்வளவு செலவு பண்ணியிருக்கோம்னு பாப்போம்" என்றார். என் ஒரு நாள் சம்பளத்தில் இருபதில் ஒரு பங்கு, கிராம நிர்வாக அலுவலரின் அரை நாள், எழுத்தர், ஜீப் டீசல், அச்சடித்த படிவம், இப்போது மறுபடியும் விசாரிக்கப் போகிற செலவு. எழுதி முடித்துக் கூட்டினார். தொகையை என்னிடம் காட்டாமல் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை. இன்றைக்கு வரைக்கும் அந்தத் தொகை எனக்குத் தெரியாது.

திருத்திய அறிக்கை எழுதினேன். உடனே பணம் வந்துவிடவில்லை. பயனாளிகள் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உண்டு. நீக்கின இடத்தில் வேறொருவரைச் சேர்த்தாகிவிட்டது. இனி ஓர் இடம் காலியாக வேண்டும். காலியாக வேண்டும் என்றால் யாரோ ஒரு முதியவர் சாக வேண்டும். சார் சொன்னார்: "மாசம் ஒரு தடவை நீங்க நேர்ல போய், இன்னும் வரலன்னு அவங்ககிட்ட சொல்லிட்டு வாங்க. காத்திருக்கிறவங்களுக்கு எதுக்குக் காத்திருக்கோம்னு தெரியணும்."

ஏழு மாதம் போனேன். முதல் மாதம் படியேறவே கால் வரவில்லை. மூன்றாவது மாதம் டீ குடித்தேன். ஐந்தாவது மாதம் அவர் என் ஜாக்கெட்டைப் பார்த்துவிட்டு, "யாரு தெச்சது? ஹூக்கு வரிசையே கோணலா கீதே" என்றார். எட்டாவது மாதம் மணியார்டர் வந்தது. நான்கு கடைகளில் மூன்று வேறு ஆளைப் பிடித்துவிட்டன. ஒரு கடை மறுபடி வேலை கொடுத்தது. அந்த ஒன்றை வைத்து, இரண்டு வருடத்தில் ஐந்து கடை பிடித்தார்.

இதை எல்லாம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கார்த்திக்கிடம் சொன்னேன். சொல்லி முடித்து, "அதனால எல்லாருக்கும் குடுத்துடலாம். விசாரிக்கிற செலவு மிச்சம்" என்று பெருமையாக முடித்தேன்.

அவர் லேப்டாப்பை மூடவில்லை. "அத்தை, கதை நல்லா இருக்கு. ஆனா அந்த மிச்சம் எல்லாம் கொசுறு. எல்லாருக்கும் வயித்துக்குப் போதுமான அளவு போட்டா, இப்ப வர்ற வரி பூரா அதுக்கே போயிடும். அப்புறம் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரோடு எல்லாம் யாரு பாப்பா?"

"எல்லாருக்கும்னா உங்களுக்கும்தானே? சம்பளம் வாங்குறப்போ உங்களுக்குப் போட்டதை வரியில திருப்பி எடுத்துக்க மாட்டாங்களா?"

அவர் லேப்டாப்பில் ஏதோ தட்டிப் பார்த்தார். "எடுத்துக்கலாம். அப்போ நிஜமான செலவு, பாக்குறதுக்குத் தெரியறதை விடக் குறைவுதான். ஆனா வரி கட்டுற ஆளுங்க நம்ம ஊர்ல எத்தனை பேர் அத்தை? அப்புறம் இன்னொண்ணு. எல்லார் கையிலயும் காசு இருக்குன்னு தெரிஞ்சா, எங்க தெருவுல வீட்டு வாடகை ஏறாதா?"

ஏறும்தான் என்றேன். ஏனென்றால் அதையும் நான் பார்த்திருக்கிறேன். ஒரு முறை உதவித்தொகையை உயர்த்தினார்கள். நூர்ஜஹான் அம்மாவிடம் சந்தோஷமாகச் சொல்லப் போனேன். காதர் பாய் கீழேயே நின்றார். கெட்ட மனிதர் இல்லை, அக்காவை இருபது வருடம் வைத்துச் சாப்பாடு போட்டவர். தலையைச் சொறிந்துகொண்டே, "கரண்ட் பில்லு ரொம்ப எகிறிடுச்சு மேடம். அக்காவுக்கும் ஏதோ கூட வருதாமே" என்றார். உயர்ந்த தொகையில் பாதி கரண்ட் பில்லுக்குப் போயிற்று. மாவு பிரிட்ஜுக்கான கரண்ட்.

"பாத்தீங்களா" என்றார் கார்த்திக், இதைக் கேட்டதும்.

"மீதிப் பாதி அந்த அம்மாகிட்டதானே இருந்துச்சு" என்றேன்.

இப்படி ஐந்து மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் சண்டை போட்டோம். என் மகள் நித்யா காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவாள். கடைசியில் ஒரு இடத்துக்கு வந்து நின்றோம். எல்லோருக்கும் வாழ்நாள் முழுக்க உட்கார்ந்து சாப்பிடுகிற அளவுக்கு என்றால், இன்றைய வரியில் தாங்காது. ஆளுக்குப் பதிலாக மெஷினை வைத்து லாபம் பார்க்கிறவர்களிடம் வாங்க வழி பிறந்தால் அப்போது பார்க்கலாம், அவர்கள் சுலபத்தில் கொடுக்கப் போவதில்லை. ஆனால் நூலும் ஹூக்கும் ஷேர் ஆட்டோவும் ஆகிற அளவுக்கு, சின்னதாக ஒன்று, கேள்வி கேட்காமல் என்றால், தாங்கும். ரேஷன் அட்டை இந்த மாநிலத்தில் எல்லோருக்கும்தான் இருக்கிறது. மாப்பிள்ளையும் வைத்திருக்கிறார், ஒரு நாளும் அரிசி வாங்கப் போனதில்லை. அதில் கடை ஒன்றும் மூழ்கிவிடவில்லை.

அவருக்கு ஆறாவது மாதம் பெருங்குடியில் வேலை கிடைத்தது. சம்பளம் பழையதை விடக் குறைவு. அதற்கு முன்பு வந்த இரண்டு வேலைகளை வேண்டாம் என்று விட்டிருந்தார். "கையில மூணு மாசச் சம்பளமும் நித்யாவோட சம்பளமும் இருந்துச்சு அத்தை. அதனாலதான் வேணாம்னு சொல்ல முடிஞ்சுது. இல்லேன்னா முதல்ல வந்ததுலயே விழுந்திருப்பேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை அவர் முதல் வேலையை வேண்டாம் என்றபோதே சொல்லியிருந்தால் பல ஞாயிற்றுக்கிழமைகள் மிச்சமாகியிருக்கும்.

எனக்கு ஓய்வூதியம் வருகிறது. வருடம் ஒரு முறை உயிரோடு இருக்கிறேன் என்று காட்டினால் போதும், வேறு ஒரு கேள்வி கிடையாது. சோம்பேறி ஆகிவிட்டேனா என்று யாரும் பார்க்க வருவதில்லை. வீட்டில் உட்கார முடியாமல், செவ்வாய்க்கிழமைகளில் ஒரு தாலுகா அலுவலக வாசலில் போய் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கிறேன். காசு வாங்குவதில்லை.

அங்கே ஏற்கனவே காசுக்கு மனு எழுதுகிற ரவி என்று ஒருவர் இருக்கிறார். இரண்டாவது வாரமே என்னிடம் வந்தார். "மேடம், தப்பா நினைக்காதீங்க. எனக்கு இதுதான் பொழப்பு. நிஜமாவே இல்லாதவங்களா பாத்து அவங்களுக்கு மட்டும் நீங்க எழுதுங்க. வசதியானவங்கள எங்கிட்ட அனுப்பிடுங்க."

"அதை எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"பாத்தாலே தெரியுமே மேடம்."

"எனக்குத் தெரியாதுப்பா. முப்பத்தோரு வருஷம் பாத்துட்டேன். வர்றவங்க எல்லாருக்கும்தான் எழுதுவேன்."

முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. அவர் பிழைப்பில் மண்ணைப் போட நான் வரவில்லை. நான் மெதுவாக எழுதுவேன், எழுதினதை மனுதாரருக்கு வரிவரியாகப் படித்துக் காட்டி, "சரிங்களா?" என்று கேட்பேன். ஒரு மனுவுக்கு அரைமணி நேரம். மத்தியானத்துக்குள் என் முன்னால் நீளமாக வரிசை நின்றுவிடும். வேலைக்கு லீவு போட்டு வந்தவர்கள், ஆட்டோவைக் காக்கவைத்திருப்பவர்கள், கையில் கார் சாவியைச் சுற்றுகிறவர்கள் எல்லாம் பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுத் தாங்களாகவே ரவியிடம் போய்விடுகிறார்கள். நான் ஒருவரையும் அனுப்பவில்லை.

போன மாதம் இரண்டு செவ்வாய் எனக்குக் காய்ச்சல். மூன்றாவது வாரம் போனதும் ரவி தன் பெஞ்சைத் துடைத்து, எனக்கு நிழல் பக்கமாக நகர்த்திப் போட்டார்.

"இன்னா மேடம் ரெண்டு வாரமா ஆளையே காணோம்? நீங்க இல்லேன்னா கூட்டமே சேர மாட்டேங்குது."